கடலூரில் இரண்டு நாள் இருக்கிறது, பாண்டிச்சேரி வேண்டாம். வேறு எங்கே போகலாம்?

கோவை நித்யா:

வணக்கம். மாசியில் சித்தி மகனுக்குக் கல்யாணம். மண்டபம் கடலூர் மஞ்சக்குப்பத்தில். முடிந்ததும் உடனே ஊர் திரும்ப வேண்டாம், இரண்டு நாள் இருந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்கிறார் அப்பா. அவருக்கு 71 வயது. நன்றாக நடப்பார், ஆனால் மணலில் ரொம்ப தூரம் முடியாது.

கடலூர் சொந்தக்காரர்களிடம் என்ன பார்க்கலாம் என்று கேட்டால் எல்லோரும் ஒரே வாயாக "பாண்டிச்சேரி போயிட்டு வாங்க" என்கிறார்கள். அந்த மஞ்சள் சுவரையும் காகிதப்பூவையும் பார்த்தாயிற்று, போட்டோவும் எடுத்தாயிற்று. சிதம்பரம் கோயிலும் பார்த்திருக்கிறோம். அப்பா பொதுப்பணித் துறையில் இருந்தவர். மதகு, பாலம், பழைய கட்டடம் எது கண்ணில் பட்டாலும் அங்கேயே நின்றுவிடுவார். கடலூருக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அவர் நிற்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? இணையத்தில் தேடினால் வெள்ளிக் கடற்கரையும் பிச்சாவரமும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு நாளைக்கு வாடகைக் கார் வைத்துக்கொள்ள முடியும்.

பண்ருட்டிக்காரன்:

உண்மையைச் சொன்னால் கடலூரில் பார்க்க ஒன்றும் இல்லைங்க. புயல் வந்தால் டிவியில் காட்டுவார்கள், அவ்வளவுதான். பேசாமல் எங்கள் பக்கம் வாருங்கள். திருவதிகைக் கோயில் இருக்கிறது, அப்பர் பாடிய இடம். மாசியில் பலாப்பழம் கிடைக்காது, பிஞ்சுதான் தொங்கும். முந்திரிக் காடு பூத்திருக்கும். 2011 தானே புயலில் அத்தனையும் சாய்ந்தது, மறுபடி வைத்து வளர்த்திருக்கிறோம்.

ஓய்வுபெற்ற சர்வேயர்:

பண்ருட்டித் தம்பி சொல்வதில் பாதி சரி. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கிற சமாச்சாரம் கடலூரில் கிடையாது. ஆனால் மதகைப் பார்த்தால் நிற்கிற மனுஷனுக்கு இதைவிட நல்ல சீமை கிடைக்காது. நான் நில அளவையில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கடலோரக் கிராமங்களில் வெயிலில் சங்கிலி இழுத்தே வயசு போனது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை ஊர் ஊராகப் பார்க்காதீர்கள், ஆறு ஆறாகப் பாருங்கள். பாண்டிச்சேரியில் இருந்து தெற்கே இறங்கினால் முதலில் தென்பெண்ணை. அப்புறம் கெடிலம், அதோடு கடலூர்ப் பக்கம் உப்பனாறு என்று நாங்கள் சொல்கிற பரவனாறு. அதற்கும் தெற்கே வெள்ளாறு, கடைசியில் கொள்ளிடம். எல்லாம் ஒரு எழுபது கிலோமீட்டருக்குள். ஒவ்வொரு முகத்துவாரத்தையும் தேடி எவனாவது கப்பலில் வந்திருக்கிறான், கொடி நட்டிருக்கிறான், சண்டை போட்டிருக்கிறான். பிறகு ஆற்று வாய் மணல் மேடிட்டதும் விட்டுப் போயிருக்கிறான். கப்பல்காரன் போய்விட்டான், வலைக்காரன் இருக்கிறான்.

தென்பெண்ணையைப் பாலத்தில் நின்று பார்த்தால் போதும். கடலில் சேருகிற இடம் தாழங்குடா பக்கம், அங்கே மணல் அதிகம். நீங்கள் தையில் வந்திருந்தால் ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா பார்த்திருக்கலாம். சுற்று வட்டாரத்துச் சாமிகள் எல்லாம் ஆற்றுக்கு வரும், சுருளிக்கிழங்கைக் குவித்து வைத்து விற்பார்கள். சரி, அது போகட்டும்.

கெடிலத்துக்கு வருவோம். வெள்ளிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் சுண்டல் சாப்பிட்டு, காலை நனைத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது இருக்கிற தேவனாம்பட்டினத்தில்தான் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690-ல் செஞ்சியில் இருந்த மராட்டிய ராஜாராமிடம் இங்கிலீஷ்காரனின் கிழக்கிந்தியக் கும்பினி விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல். எல்லையை எப்படிக் குறித்தார்கள் தெரியுமா? கோட்டையில் இருந்து பீரங்கி சுட்டால் குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவரைக்கும் உள்ள நிலமும் ஊர்களும் விலையில் சேர்த்தி. சும்மா விடுவானா? சென்னையில் இருந்து நல்ல பெரிய பீரங்கியாகப் பார்த்து, கைதேர்ந்த ஆளையும் சேர்த்து அனுப்பி, சுற்றிலும் சுட வைத்தான். கடலூர் ஊரே அந்த வட்டத்துக்குள் விழுந்துவிட்டது. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர். நாங்கள் சங்கிலி போட்டு அளந்து, ஒரு லிங்க் கூடக் குறைய வந்தால் தாலுகா ஆபீசில் பதில் சொல்லி மாளாது. அவன் பீரங்கி போட்டு அளந்து கிரயம் முடித்துக்கொண்டு போயிருக்கிறான்!

1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரன் பிடித்தபோது அங்கிருந்து தப்பித்து வந்தவர்களில் கிளைவும் ஒருத்தன். அதற்குப் பிறகு 1752 வரைக்கும் கும்பினிக்குத் தென்னாட்டுத் தலைமையிடம் இந்தக் கோட்டைதான். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளினான். இன்றைக்குப் போனால் இடிந்த சுவர் கொஞ்சம், புதர் நிறைய. அதனால் கோட்டை என்று ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். ஆற்றங்கரையில் நின்று, கடல் எந்தப் பக்கம், ஆறு எப்படி வளைகிறது, பாண்டிச்சேரி எவ்வளவு கிட்டே இருக்கிறது என்று அப்பாவிடம் காட்டுங்கள். இந்த இடத்துக்கு ஏன் அவ்வளவு அடிதடி என்பது அவருக்கே விளங்கும். நீங்கள் இருக்கப்போகிற மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் பங்களா இருக்கிறதே, அது கிளைவ் இருந்த கார்டன் ஹவுஸ். உள்ளே விடமாட்டார்கள். ரோட்டில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மறுபடி ஊருக்குள் வந்து, முதுநகர் தாண்டிக் கேப்பர் மலை. மலை என்றால் கோவைக்காரர்கள் சிரிப்பீர்கள், மேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்மண் மேடு. பாரதியார் 1918-ல் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த உடனே பிடித்து வைத்தது இங்கே இருக்கிற கடலூர்ச் சிறையில்தான். வழியில் ரோடு வெட்டிய இடத்தில் அந்தச் செம்மண்ணை நின்று பாருங்கள். புவியியல்காரர்கள் இதைக் கடலூர் மணற்கல் என்று எங்கள் ஊர்ப் பேரிலேயே எழுதுகிறார்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே மூடியிருப்பதும் இதே அடுக்குதான்.

இரண்டாம் நாளை முழுசாக வெள்ளாற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை சொன்னதைக் கழித்துவிட்டாலும் எனக்குச் சம்மதம், பரங்கிப்பேட்டையைக் கழிக்காதீர்கள். பி.முட்லூரில் கிழக்கே திரும்ப வேண்டும். போர்த்துகீசியன், டச்சுக்காரன், டேனிஷ்காரன், இங்கிலீஷ்காரன் எல்லோரும் கடை போட்ட ஊர். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியும் இங்கிலீஷ் தளபதி அயர் கூட்டும் மோதியது இந்த ஊருக்கு வெளியே. கடலில் இருந்து ஒரு கப்பலும் குண்டு போட்டு இங்கிலீஷ் படைக்குக் கை கொடுத்தது. ஹைதர் பின்வாங்கினார். இன்றைக்கு ஊர் அமைதியாக இருக்கும். மரைக்காயர் வீடுகள், திண்ணை, தர்காக்கள். ஆண்கள் பாதிப்பேர் வெளிநாட்டில். ஆற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, 1961-ல் இருந்து. அங்கே ஒரு அருங்காட்சியகம் உண்டு. முன்னாலேயே கேட்டுக்கொண்டு போவது நல்லது.

வெள்ளாற்றங்கரையில் ஒரு அரை மணி நேரம் உட்காருங்கள். ஆறு அங்கே ஒரே நாளில் இரண்டு பக்கமும் ஓடும். ஏற்றம் வரும்போது கடல் தண்ணீர் உள்ளே ஏறி, கரையோரம் கட்டியிருக்கிற படகுகள் எல்லாம் மூக்கைத் திருப்பிக்கொள்ளும். வற்றம் ஆரம்பித்ததும் ஒன்று, இரண்டு என்று மறுபடி பழையபடி திரும்பும்.

கோவை நித்யா:

ஐயா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பீரங்கிக் கதையைக் கேட்டுவிட்டுச் சித்தப்பாவுக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார். பரங்கிப்பேட்டையில் ஒரு இரும்பு ஆலை இருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறாராம். அது இன்னும் இருக்கிறதா? பிச்சாவரம் படகில் அவரை ஏற்றலாமா? நாங்கள் இருக்கிற நாளில் ஒன்று மாசி மகம். கூட்டமாக இருந்தால் அன்றைக்கு ரூமிலேயே இருந்துவிடலாமா?

பாகூர்க்காரி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பாண்டிச்சேரி வேண்டாம் என்று மொத்தமாக அடித்துவிட்டீர்களே அக்கா! பாகூரும் பாண்டிச்சேரிதான். கடலூரில் இருந்து கூப்பிடு தூரம், ஒரு சுற்றுலாப் பேருந்து வராது. பெரிய ஏரி இருக்கிறது, அப்பாவுக்கு மதகு பிடிக்கும் என்றீர்களே, வேண்டிய மட்டும் பார்க்கலாம். மூலநாதர் கோயில் சோழர் காலத்துக் கல் கட்டடம். அதன் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். கட்டைவிரல் நீளத்தில் ஆடுகிற பெண்கள், மேளக்காரர்கள் எல்லாம் செதுக்கியிருப்பார்கள். நிமிர்ந்து கோபுரம் தேடுகிறவர்கள் இதைப் பார்க்காமலே போய்விடுவார்கள். பல்லவ நிருபதுங்கன் காலத்தில் இங்கே ஒரு கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களை எழுதிவைத்த செப்பேடு கிடைத்திருக்கிறது, பாகூர்ச் செப்பேடு என்பார்கள். எங்கள் தாத்தா நிலத்தில் ஒரு பக்க வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு. மாடு மட்டும் எல்லை பார்க்காமல் மேயும்.

ஓய்வுபெற்ற சர்வேயர்:

பாகூர்ப் பெண் சொன்னது நியாயம். முதல் நாள் காலையில் பாகூரை வைத்துக்கொள்ளுங்கள், நான் விட்டது அந்த ஊர்மேல் கோபத்தால் இல்லை. அந்த எல்லையில் வேலை பார்த்தவனுக்குப் பாகூர் என்றாலே புலப்படம்தான் ஞாபகம் வரும். பிரெஞ்சுக்காரனுக்குத் திருப்பிக் கொடுத்த கிராமங்கள் ஒரே துண்டாக இல்லாமல் திட்டுத் திட்டாக வந்ததால் இந்த வரப்பு வம்பு.

மாசி மகத்தன்று ரூமில் இருந்தால் நான் கோபித்துக்கொள்வேன். தேவனாம்பட்டினத்திலும் தீர்த்தவாரி உண்டு, அங்கே நெரிசல் தாங்காது, வேண்டாம். கிள்ளைக்குப் போங்கள். ஸ்ரீமுஷ்ணத்தில் இருந்து பூவராக சாமி அவ்வளவு தூரம் கிளம்பி, கடலாடக் கிள்ளைக்கு வருவார். தைக்கால் தர்கா முன்னால் சாமி நிற்கும். தர்காக்காரர்கள் பட்டும் மாலையும் கொண்டுவந்து சாமிக்குச் சார்த்தக் கொடுப்பார்கள். கோயில் பக்கத்தில் இருந்து மாலையும் பிரசாதமும் தர்காவுக்குப் போகும். உள்ளே சர்க்கரை வைத்துப் பாத்தியா ஓதி வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். தொப்பி போட்ட பெரியவர் ஒருத்தர் சாமிக்கு முன்னால் வழி விலக்கிக்கொண்டிருப்பார். பட்டாச்சாரியார் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, குடையை நகர்த்தச் சொல்வார். யாரும் அதைப் பெரிசாகப் பேச மாட்டார்கள், வருஷா வருஷம் நடக்கிற காரியம். அதற்குப் பிறகு முழுக்குத்துறைக்குப் போய்த் தீர்த்தவாரி. அப்பாவை வெயிலில் அதுவரை இழுக்க வேண்டாம். தர்கா வாசலில் ஒரு நிழல் பார்த்து உட்கார வைத்துவிடுங்கள்.

இரும்பு ஆலை. ஹீத் என்று ஒரு வெள்ளைக்காரன், கும்பினி உத்தியோகத்தை விட்டுவிட்டு 1830 வாக்கில் ஆரம்பித்தது. சேலத்தில் இருந்து இரும்புத்தாது, உருக்குவதற்கு மரக்கரி. இங்கிலாந்துக்கே இரும்பு அனுப்பியது. ஆனால் கரிக்கு எத்தனை காட்டை வெட்டுவது? கையைச் சுட்டுக்கொண்டு, கம்பெனி கைமாறி, கடைசியில் மூடிவிட்டார்கள். கட்டடத்தைத் தேடிப் போக வேண்டாம் என்பது என் யோசனை. அந்த வெள்ளாற்றங்கரையில் உட்காரும்போது சொல்லிக்கொள்ளுங்கள், அது போதும்.

பிச்சாவரம் படகில் தாராளமாக ஏற்றலாம். சுற்றுலாக் கழகத்துப் படகுத்துறை, சட்டை மாதிரி மிதவை மாட்டிவிடுவார்கள். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள். அதுதான் குறுகலான வாய்க்காலுக்குள் போகும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விடுங்கள். எம்.ஜி.ஆர். படப்பிடிப்பு நடந்த இடம் என்று படகோட்டி ஒரு திட்டைக் காட்டுவார், அப்பா தலைமுறைக்கு அது பிடிக்கும். நீங்கள் அதோடு விடாமல் மரத்தைப் பாருங்கள். கொம்பு கொம்பாகக் காலை ஊன்றி நிற்பது சுரபுன்னை. சேற்றில் இருந்து பென்சில் மாதிரி மூச்சுவேர் நீட்டியிருப்பது வெண்கண்டல். தில்லை மரமும் உண்டு, சிதம்பரத்துத் தலமரம். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கிளையை ஒடிக்க வேண்டாம்.

இடையில் தண்ணீருக்குள் தலை மட்டும் தெரிய ஆட்கள் போவார்கள். இருளர்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பிடித்து, பல்லால் கடித்துப் பிடித்திருக்கிற ஓலைப் பறிக்குள் போடுவார்கள். தயவு செய்து அவர்கள் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள்.

பொதுப்பணிக்காரருக்கு ஒரு விஷயம். இந்தக் காட்டை ஒரு காலத்தில் வனத்துறையே பட்டை பட்டையாக மொட்டையடித்தது. மரம் போனதும் வெயில் பட்டு மண் காய்ந்து அமுங்கி, தொட்டி மாதிரி பள்ளமாகிவிட்டது. ஏற்றத்தில் வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, வற்றி, உப்பு ஏறி, கண்டல் விதை முளைக்கவே இல்லை. வெட்டினால் தானாக வளரும் என்று இருந்தவர்களுக்கு ஏன் வளரவில்லை என்று புரியவில்லை. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து, நடுவில் ஒரு வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால் என்று மீன் முள் வடிவில் வெட்டி, ஏற்ற வற்றத் தண்ணீர் போய்வர வழி விட்டார்கள். மரம் திரும்பியது. ஆகச் சின்ன வாட்டம், அதைச் சரியாகப் பிடிக்காவிட்டால் தண்ணீர் நகராது. மட்டம் பார்த்த ஆளைக் கையெடுத்துக் கும்பிடணும். 2004 சுனாமியில் வெளியே மணல் திட்டில் இருந்த குடியிருப்புகள் அழிந்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு. 2022-ல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் இந்தக் காட்டைச் சேர்த்தார்கள்.

நேரம் மிச்சம் இருந்தால் வீராணம். காட்டுமன்னார்கோயில் ரோடு ஏரிக்கரை மேலேயே போகும், காரில் இருந்து இறங்காமலே பதினான்கு கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர் கூட வரும். பராந்தக சோழன் காலத்தில் அவன் மகன் ராஜாதித்தன் வெட்டியது என்பார்கள். அந்த ராஜாதித்தன் 949-ல் தக்கோலத்தில் யானை மேலேயே செத்தான். அவனை வென்ற ராஷ்டிரகூடக் கன்னரதேவன் கல்வெட்டு பாகூர்க் கோயிலில் இருக்கிறது. அதனால் பாகூரை முதலிலும் வீராணத்தைக் கடைசியிலும் பார்த்தால் ஒரு கணக்கு நேராகும். வீராணத்துக்குத் தண்ணீர் கொள்ளிடத்துக் கீழணையில் இருந்து வடவாற்றில் வருகிறது. கீழணை 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டியது, அதை அப்பாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோவை நித்யா:

வீராணம் என்றதும் அப்பா "குழாய்! குழாய்!" என்று சிரிக்கிறார். என்ன கதை என்று கேட்டால் "அவரையே கேள்" என்கிறார்.

ஓய்வுபெற்ற சர்வேயர்:

சிரிக்கட்டும். சென்னைக்குத் தண்ணீர் கொண்டுபோக என்று பழைய திட்டத்தில் ஆள் நின்றால் தலை முட்டாத அளவுக்குக் குழாய் வார்த்து, ரோட்டோரமாக வரிசையாகப் போட்டார்கள். திட்டம் நின்றுவிட்டது. குழாய் மட்டும் ரொம்ப வருஷம் கிடந்தது. மழைக்கு ஒதுங்க, ஆடு கட்ட, குடித்தனம் நடத்த எல்லாவற்றுக்கும் ஆயிற்று. கடைசியில் 2004-ல் வேறு குழாய் போட்டு, 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளித் தண்ணீர் சென்னைக்குப் போனது.

பயணத்துக்கு ஒரு யோசனை. முதல் நாளுக்குக் கார் வேண்டாம், டவுன் பஸ்ஸும் ஆட்டோவும் போதும். இரண்டாம் நாள் கார் எடுங்கள். மாசி மகம் எந்த நாளில் விழுகிறதோ அதை இரண்டாம் நாளாக வைத்துக்கொண்டு, காலையில் முதலில் பிச்சாவரம், பிறகு கிள்ளை. பரங்கிப்பேட்டையைச் சாயங்காலத்துக்கு வையுங்கள். வீராணம் அன்றைக்கு முடியாது. கோவைக்குத் திரும்புகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குச் சிதம்பரம் போய்விடுங்கள், சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் கிடைக்கிற கடையாக விசாரித்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ரயில் பிடிக்கும் என்றால் காரை விட்டுவிட்டு, திருப்பாதிரிப்புலியூரில் பாசஞ்சர் ஏறிக் கிள்ளையில் இறங்குங்கள். பரங்கிப்பேட்டை தாண்டியதும் வெள்ளாற்றுப் பாலம். கிழக்குப் பக்க ஜன்னல்.

பண்ருட்டிக்காரன்:

சர்வேயர் ஐயா, நானே இதில் பாதியைப் பார்த்ததில்லை. கிள்ளைக்கு நானும் வருகிறேன். திருவதிகையைச் சேர்க்காமல் விட்டதற்கு மட்டும் என் கண்டனம்.